திரி பொய் சொல்லாது

நெவில் எக்கர்ஸ்லிக்கு மூக்கு வேலை செய்யாது. பார்க்க நல்ல பெரிய மூக்குதான்; குளிர் வந்தால் சிவந்துபோய் தெருமுனையிலிருந்தே தெரியும். ஆனால் டிராம் டிப்போவில் முப்பத்தாறு வருடம் மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றி, வார்னிஷில் முக்கி, சூளையில் காயவைத்ததில் மூக்குக்குள் இருந்ததெல்லாம் வெந்துபோயிற்று. மீனுக்குப் புகை போடும் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "இன்னிக்கு காத்து சுத்தமா இருக்கு" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட் ஊரில் அவர்தான். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அவருக்கு வாசனை தெரிந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

அவருடைய மனைவி க்ளெண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறியவள். அதற்கு முன்னால் மீன் பொட்டலம் கட்டும் ஷெட்டில் இருந்தாள். பதினைந்து வயதில் அங்கே, விரல் விறைக்கும் குளிரில், மற்ற பெண்களோடு சேர்ந்து சிகரெட் பிடிக்கக் கற்றுக்கொண்டவள் ஐம்பத்தேழு வயது வரை விடவில்லை. வாய்த்துடுக்கு அதிகம். முட்டைக்கோஸை ஒதுக்கும் பிள்ளைகளை, "தின்னு, இல்லேன்னா இதையே நாளைக்கும் சூடு பண்ணிப் போடுவேன்" என்று மிரட்டுவாள். மிரட்டிவிட்டு அதே தட்டில் இன்னொரு கரண்டி கஸ்டர்டை ஊற்றுவாள். நெவிலுக்கும் அவளுக்கும் பிள்ளைகள் இல்லை.

2014 ஜனவரியில் அவளுக்கு நிமோனியா வந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நெவில் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்தேதான் இருந்தார். சோறு தண்ணி இல்லை, கண் மூடவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது இருவரில் யார் நோயாளி என்று டாக்ஸிக்காரருக்கே சந்தேகம் வந்து, நெவிலுக்குத்தான் கதவைத் திறந்துவிட்டார். க்ளெண்டா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் முகம் இருந்த இருப்பை அவள் மறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த அன்றே நெவில் அடுப்பங்கரையில் அவள் முன்னால் போய் நின்றார்.

"க்ளெண், நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இப்ப ஒண்ணு கேக்கறேன்."

"தெரியும். பாக்கெட்டைத் தூக்கிப் போடணும், அதானே?"

"ஆமா."

"உனக்கென்னப்பா, சொல்லிடுவே. உனக்கு விடறதுக்கு என்ன இருக்கு? பிஸ்கட்டா?"

நெவிலுக்கு டீ என்றால் சாக்லேட் பிஸ்கட் வேண்டும். காலையில் மூன்று, பதினோரு மணிக்கு இரண்டு, சாயங்காலம் கணக்கே கிடையாது. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சரி. நான் பிஸ்கட்டை விடறேன். நீ அதை விடு."

க்ளெண்டா சிரித்தாள். நெவில் சிரிக்கவில்லை. பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு பாலெட்டிடம் கொடுத்துவிட்டு வந்தார். பாலெட் முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். ஐம்பது வயது, உரத்த குரல், குப்பைத் தொட்டியை வெளியே வைக்கக்கூட அலங்காரம் செய்துகொண்டுதான் வருவாள். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். அதன்மேல் சாய்ந்துகொண்டு க்ளெண்டாவும் அவளும் உலகத்தையே ஒரு வழி பண்ணுவார்கள்.

சிகரெட்டுக்குப் பதிலாக வேப், அதாவது 'ஜூஸ்' என்ற வாசனைத் திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுக்கும் மின்குழல், என்று முடிவாயிற்று. கடைத்தெருவில் கார்ல் என்று தாடிக்காரர் ஒருவர், கழுத்துவரை பச்சை குத்தியவர், அதற்கென்றே கடை வைத்திருந்தார். அவர் கொடுத்த முதல் குழல் இரண்டாவது வாரம் ஒழுகியது, மூன்றாவது வாரம் தீய்ந்தது. அதற்குள் இருக்கும் ரெடிமேட் காயிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிப் போட வேண்டும். புதிதும் தீய்ந்தது.

"போர்வையைக் கொளுத்தி வாயில வெச்ச மாதிரி இருக்கு, நெவ். இதுக்கு நிமோனியாவே மேல்."

நெவில் அதை எடுத்துக்கொண்டு சண்டை போடத்தான் போனார். போன இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் தலை கழற்றி வைத்திருந்த வேறொரு வகைக் குழல் கண்ணில் பட்டது. உள்ளே இரண்டு சின்னக் கம்பங்கள், இரண்டு திருகாணிகள், நடுவே கம்பிச் சுருள் ஒன்று, அதற்குள் பஞ்சுத் திரி.

"அது வேணாம் சார்," என்றார் கார்ல். "அதுல காயிலை நாமளே சுத்தணும். பஞ்சு போடணும். பழகாதவங்களுக்குக் கை வராது."

"தம்பி, இந்த ஊர்ல டிராம் ஓடிச்சு பாரு, அது யாரு சுத்தின காயில்ல ஓடிச்சு?"

கார்ல் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைத் திறந்தார்.

கை வந்துவிட்டது, ஆனால் உடனே இல்லை. டிராம் மோட்டாருக்குச் சுற்றிய கை எதையும் இறுக்கித்தான் பழகியது. முதல் தடவை பஞ்சை அடைத்து அடைத்துத் திணித்துவிட்டார். இறுகிய பஞ்சில் திரவம் ஏறாது. வறண்ட பஞ்சுதான் எரியும். க்ளெண்டா ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணில் நீர் வழிய ஸிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுவாரம் பயந்துபோய்த் தொளதொளவென்று வைத்தார். அவள் கைப்பை முழுவதும் ஒழுகி, பள்ளிக்கூடச் சாவிக்கொத்து வரைக்கும் பிசுபிசுத்தது. மூன்றாவது வாரம் பிடிபட்டது. பஞ்சை உருவும்போது காயில் லேசாக அசைய வேண்டும், ஆனால் வளையக் கூடாது. அந்த அசைவு விரலுக்குத் தெரிந்தபின் அவர் தவறவே இல்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். மதியச் சாப்பாடு முடிந்து, தட்டுகளை ஒதுக்கி, மேஜைமேல் பழைய செய்தித்தாளை விரிப்பார். மூக்குக் கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொள்வார். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். மூன்று மில்லிமீட்டர் திருப்புளித் தண்டில் கம்பியை ஆறு சுற்று சுற்றி, இரண்டு காலையும் திருகாணியில் முடுக்கி, மிச்சத்தை நறுக்குவார். பொத்தானை விட்டுவிட்டு அழுத்தினால் காயில் நடுவிலிருந்து இரு பக்கமும் சிவந்து வர வேண்டும். ஓரத்தில் மட்டும் சிவந்தால், பீங்கான் நுனி வைத்த இடுக்கியால் வருடிக் கொடுப்பார். பிறகு பஞ்சு. வால் இரண்டையும் கத்தரித்து, நுனியைக் கோதி மெல்லிசாக்கி, திரவம் ஏறும் பள்ளங்களில் தொட்டும் தொடாமலும் படுக்க வைத்து, சொட்டுச் சொட்டாக நனைப்பார். காயில் மாதத்துக்கு ஒன்று. பஞ்சு வாராவாரம் புதுசு.

க்ளெண்டா எதிரே கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நாக்கை உள்ள போடு. ஈ உக்காரப் போகுது."

"பேசாத. கை ஆடும்."

முடிந்ததும் முதல் இழுப்பு அவர் கண் முன்னால் நடக்க வேண்டும். அவளுக்குப் பிடித்தது ருபார்ப்-கஸ்டர்டு வாசனை, சின்ன வயதில் சப்பிய மிட்டாய் மாதிரி. இழுத்து, மெதுவாக வெளியே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்: "ம். இன்னொரு வாரம் உயிரோட இருக்கலாம்."

அதைக் கேட்டால்தான் நெவிலுக்கு ஞாயிற்றுக்கிழமை முடியும். விசில் அடித்துக்கொண்டே தட்டு கழுவப் போவார். அவளைச் சிகரெட்டிலிருந்து பிடித்து நிறுத்தி வைத்திருப்பது அந்தச் சின்னச் சுருளும் தன் இரண்டு கையும்தான் என்று அவர் நம்பினார். அதில் பொய்யும் இல்லை.

கழற்றிய பழைய திரியையும் உடனே எறிய மாட்டார். செய்தித்தாளில் வைத்துப் புரட்டிப் பார்ப்பார். அவளுடைய திரவத்தில் சர்க்கரைச் சத்து அதிகம். ஒரு வாரத்தில் திரி பழுப்பேறி, காயில் அணைத்த இடம் கருகியிருக்கும். எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு இழுத்திருக்கிறாள். மோட்டாரைப் பிரித்ததும் எந்த ஓட்டுநர் எப்படி ஓட்டினார் என்று சொல்கிற மனிதருக்கு இதெல்லாம் ஜுஜுபி.

"இந்த வாரம் ரொம்ப இழுத்திருக்கே. யாரு வம்புக்கு வந்தது?"

"ஹெட்மிஸ்ட்ரஸ். எப்படிக் கண்டுபிடிச்சே?"

"திரி பொய் சொல்லாது."

இப்படி நாலு வருடம் போயிற்று. சிகரெட் வீட்டுப் பக்கமே வரவில்லை. பிஸ்கட்டும் வரவில்லை.

2018 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றினால், திரி வெள்ளையாக இருந்தது. முழு வெள்ளை இல்லை. ஈரத்தில் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் குழலின் தொட்டியில் திரவம் வழக்கம்போல அடிவரை குறைந்திருந்தது. நெவிலுக்கு விளங்கவில்லை. பஞ்சு வேறு ரகமோ என்று பையைத் திருப்பிப் பார்த்தார். அதே ரகம். ஒன்றும் சொல்லாமல் புதுத் திரி வைத்துக் கொடுத்தார். க்ளெண்டா முதல் இழுப்பை, "வயிறு நிறைஞ்சிருக்கு, அப்புறம்" என்று தள்ளிப்போட்டாள். அடுத்த ஞாயிறும் திரி வெள்ளை. அதற்கடுத்த ஞாயிறும் வெள்ளை. தொட்டி மட்டும் காலி.

அந்த வாரங்களில் அவள் அதிகம் இருமினாள். கொல்லையில் இருமுவது சன்னல் வழியே கேட்கும். அவர் வெளியே வந்தால் சட்டென்று நிறுத்திக்கொள்வாள். கடைக்குப் போனால் திரும்ப நேரமாயிற்று. இரண்டு தடவை எங்கே போனாள் என்பதற்குச் சரியான பதில் இல்லை. நெவில் அவளுடைய கோட்டுப் பைகளைத் துழாவினார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே அவருக்குப் பெரிய சாட்சியாகப் போயிற்று: எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளிக்கிறாள்! மோப்பம் பிடிக்க மூக்கு இல்லாதவருக்குக் கண்தான் கதி. கண் முன்னால் மூன்று வெள்ளைத் திரிகள் இருந்தன.

நாலாவது ஞாயிறு, காய்ந்த அந்த மூன்று திரிகளையும் செய்தித்தாள்மேல் வரிசையாக வைத்தார்.

"இது என்ன?"

"பஞ்சு," என்றாள் க்ளெண்டா.

"ஏன் வெள்ளையா இருக்கு?"

"நீதானே வெள்ளையா வெச்சே."

"வெளயாடாத. ஜூஸ் குறையுது, திரி கறுக்கல. அப்போ ஜூஸ் எங்க போகுது? ஸிங்க்ல ஊத்தறே. என்னை முட்டாளாக்கறதுக்கு வாராவாரம் ஊத்தறே."

"திரும்பப் பிடிக்கறியா, க்ளெண்?"

அவள் அவரை நெடுநேரம் பார்த்தாள். பொய் ஒன்றைத் தேடுகிறாள் என்று நெவில் நினைத்தார். அதுவரை அவர் கணித்தது சரி. எந்தப் பொய் என்பதில்தான் கோட்டைவிட்டார்.

"ஆமா," என்றாள்.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

நெவில் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்று போட்டார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை குனிஞ்சு குனிஞ்சு என் கழுத்து போச்சு. எதுக்கு? நீ திருட்டுத்தனமா சாவை வாங்கிட்டு வர்றதுக்கா? செத்துப் போ. எனக்கென்ன? ஆனா என்னை அந்த நாற்காலியில மறுபடியும் உக்கார வெக்காத. நான் வர மாட்டேன்." சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் சாக்லேட் பிஸ்கட் பொட்டலம் இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, டீ கூட இல்லாமல், ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். அவ்வளவு திட்டியும் அழாதவள் அதைப் பார்த்து அழுதாள். அவர் ஏழு பிஸ்கட் தின்றார். அறுபத்துமூன்று வயது ஆள் செய்கிற காரியமா அது? ஆனால் செய்தார்.

மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் விரிக்கப்படவே இல்லை. மூன்றாவது வாரம் க்ளெண்டா அவளாகவே பழைய காயிலுக்குப் புதுப் பஞ்சு வைக்கச் சொல்லிக் கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே வைத்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு, சாப்பாடு முடிந்ததும், அவளே செய்தித்தாளை விரித்து, குழலை நடுவில் வைத்தாள்.

"பிரிச்சுப் பாரு."

பிரித்தார். திரி பழுப்பு. காயில் அணைத்த இடம் நன்றாகவே கருகியிருந்தது. ஊற்றிவிட்டு ஏமாற்றுவதால் இந்த நிறம் வராது. ஒரு வாரம் முழுக்க யாராவது உட்கார்ந்து இழுத்தால்தான் வரும். நெவில் இரண்டு கண்ணாடியையும் கழற்றித் துடைத்தார், தேவையில்லாமல்.

"விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

அவர் எழுந்துபோய் மிச்சமிருந்த பிஸ்கட்டைக் குப்பையில் போட்டார். அன்று தட்டு கழுவும்போது விசில் சத்தம் பாலெட் வீடு வரைக்கும் கேட்டது.

இலையுதிர்காலம் நன்றாகப் போயிற்று. திரி வாராவாரம் பழுப்பு. ஒரு தடவை மட்டும் கரியாகவே வந்தது.

"என்னடி இது, மெதுவா இழுக்கக் கூடாதா? சிம்னி மாதிரி இழுக்கறே!"

க்ளெண்டா சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் பெயர் சிம்னி. முதல் இழுப்பை இப்போதெல்லாம் அவர் முன்னால் இழுப்பதில்லை. "அப்புறம், நிதானமா" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவாள். 'இன்னொரு வாரம்' என்று அவள் சொல்வதைக் கேட்டு நாளாயிற்று என்று அவருக்குத் தோன்றியது. கேட்கவில்லை. சண்டைக்குப் பின் வந்த சமாதானத்தைக் கிளறிப் பார்க்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

இன்னொன்றும் கவனித்தார். குழலின் வாய்ப்பகுதியில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. க்ளெண்டா திருமணத்தன்று தவிர உதட்டுக்குச் சாயம் போட்டவள் இல்லை. இந்த வயதில், அதுவும் தனக்குத் தெரியாமல், ஆசையாகப் போட்டுப் பார்க்கிறாளாக்கும் என்று நெவிலுக்கு உள்ளூரக் கிளுகிளுப்பாக இருந்தது. ஒரு துணியில் அந்தச் சாயத்தை ஒற்றி எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், அதே நிறத்தில் ஒன்று வாங்கி, கிறிஸ்துமஸுக்குப் பொட்டலம் கட்டி வைத்தார். க்ளெண்டா பிரித்து, மூடியைத் திறந்து பார்த்தாள்.

"எனக்கா? இந்தக் கலரா?"

"தெரியாதுன்னு நெனச்சியா? எனக்கு எல்லாம் தெரியும்."

"உனக்கு எல்லாம் தெரியும் கண்ணு," என்றாள். போட்டுக்கொண்டாள். மெலிந்து வெளுத்த முகத்துக்கு அது எடுப்பாகவே இல்லை. தினமும் போட்டுக்கொண்டாள்.

பிப்ரவரியில் கடைசி ஞாயிறு. அவர் வழக்கம்போலத் திரி மாற்றிக் கொடுத்தார். சாயங்காலம் அவள் அதை எடுத்துக்கொண்டு மாடிக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெவில் கீழே தட்டு துடைத்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு இருமல். நீண்ட, அடிவயிற்றிலிருந்து வரும் இருமல். அடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதுவும் அடங்கி, மூன்றாவது. அவர் மாடிப்படியின் கீழே நின்று கத்தினார்:

"ஏய் சிம்னி! மெதுவா இழுடி! ஊரு பூரா மூட்டமாகிடப் போகுது!"

நிறைய நேரம் கழித்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். உதட்டில் புதிதாகச் சாயம். டிவி முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கரகரத்த குரலில் சொன்னாள்: "ம். இன்னொரு வாரம் உயிரோட இருக்கலாம்."

நெவிலுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு மூச்சு முட்டி ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது: நுரையீரலில் புற்றுக்கட்டி. ஜூனிலிருந்தே அவளுக்குத் தெரியும். கடைக்குப் போகிறேன் என்று போனதெல்லாம் டாக்டரைப் பார்க்கத்தான். அறுவைக்கு வழியில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்களாம். ஊசி மருந்து வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம்.

நெவில் மறுபடியும் அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். வர மாட்டேன் என்று சொன்ன பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. நெவில் தமக்குள் ஒரு கணக்குப் போட்டு முடித்திருந்தார்: ஜூனில் சொல்லியிருக்கிறார்கள், பயந்திருக்கிறாள், அந்தப் பயத்தில் மறுபடி சிகரெட்டைத் தொட்டிருக்கிறாள், பாவம். அப்புறம் எனக்காக விட்டிருக்கிறாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பதினோராம் நாள் அவள் ஆக்ஸிஜன் முகமூடிக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னார்:

"க்ளெண், அந்த சிகரெட் விஷயம். நான் உன்னை எப்பவோ மன்னிச்சிட்டேன். மனசுல வெச்சுக்காத."

க்ளெண்டா அவர் விரலை அழுத்தினாள். சரி என்பதுபோலத் தலையை அசைத்தாள். மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தாள்.

சவப்பெட்டியில் வைப்பதற்குமுன் பாலெட்தான் அவளுக்குத் தலை வாரி அலங்காரம் செய்தாள். நெவில் அந்த உதட்டுச் சாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பாலெட் அதைத் திறந்து பார்த்துவிட்டு ஏன் அப்படித் தேம்பினாள் என்று அவர் யோசிக்கவில்லை. அன்று எல்லாரும்தான் அழுதார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைத் தட்டில் மூடிக்கொண்டு பாலெட் வந்தாள். அவர் டீ போட்டார். அவள் எதையெதையோ பேசினாள்: கடை, மழை, சுவரோரம் முளைத்த களை. டீயைக் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள். நெவில் கோப்பையைப் பார்த்தார்.

விளிம்பில் சிவப்புச் சாயம். அந்தச் சிவப்பு அவருக்குத் தெரியும். துணியில் ஒற்றி எடுத்துக்கொண்டு போய் மருந்துக்கடையில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர்.

"இது உன் கலரா?"

"எது?"

"உதட்டுக்குப் போடறியே, இது. எப்பவும் இதானா?"

"இருபது வருஷமா இதான், நெவ். நீ பார்த்ததில்லயா?"

அவர் பார்த்ததில்லை. திரியைத் தவிர வேறெதை அவர் உற்றுப் பார்த்தார்? எழுந்து, கருவிப்பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்த குழலை எடுத்து வந்து, அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பாலெட்டின் முகம் தொங்கிப்போயிற்று.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா," என்றாள்.

"அவ போயிட்டா. சொல்லு."

"அவ சிகரெட்டைத் தொடவே இல்ல, நெவ். ஒண்ணுகூட இல்ல. மே மாசக் கடைசிலருந்தே அவளால இதையே இழுக்க முடியல. ஒரு வாய் இழுத்தா பத்து நிமிஷம் இருமல். இழுக்கலன்னு தெரிஞ்சா நீ ஏன்னு கேப்ப. அதான் ஜூஸை ஊத்தினா. திரி காட்டிக் குடுத்துரும்னு அந்தப் பதட்டத்துல அவளுக்குத் தோணல."

"ஆமான்னு சொன்னாளே. நான் கேட்டேன். ஆமான்னு சொன்னாளே, பாலெட்."

"நானும் அதான் கேட்டேன், ஏன்டி பழியை வாங்கிக்கிட்டேன்னு. அவ சொன்னா: 'அவரு கோவமா இருந்தா ராத்திரி தூங்கிருவாரு. பயந்தாதான் தூங்க மாட்டாரு. போன தடவை பன்னெண்டு நாள் பார்த்தேன், இந்தத் தடவை எத்தனை மாசமோ. என்னால அதைப் பார்க்க முடியாது.'"

பாலெட்டால் இப்போது நிறுத்த முடியவில்லை.

"நீ பேசாம இருந்தே பாரு மூணு வாரம், அப்பதான் ஓடி வந்தா. 'திரி கறுத்திருந்தா அவரு விசில் அடிப்பாரு, எனக்கு அது வேணும்'னா. திங்கக்கெழமை சுவத்து மேல இதைக் குடுப்பா, சனிக்கெழமை வாங்கிக்குவா. ஏழு மாசம் நான்தான் இழுத்தேன். எனக்கு அந்த ருபார்ப் கண்டாலே குமட்டும். ஒரு வாரம் பவரைக் கூட்டி வெச்சுக் கரியாக்கிட்டேன், மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். நீ அவளை சிம்னின்னு கூப்பிட்டியாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கடைசி வாரம் மட்டும் குடுக்கல. சனிக்கெழமையே சொல்லிட்டா, இந்த வாரம் நானே வெச்சுக்கறேன்னு. ஏன்னு கேட்டேன். சும்மாதான்னா."

நெவில் செய்தித்தாளை விரித்தார். கண்ணாடிமேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குழலின் தலையைத் திருகிக் கழற்றி, இடுக்கியால் திரியை உருவி, தாளின்மேல் வைத்து ஒருதரம் புரட்டினார்.

திரி வெள்ளையாக இருந்தது. நடுவில், காயில் அணைத்த இடத்தில் மட்டும், டீத் தண்ணீர் பட்டதுபோல மங்கலாக ஒரு கறை.

"மூணு," என்றார்.

"என்ன மூணு?"

"மூணு இழுப்பு. அதுக்கு மேல இல்ல. அவளே இழுத்திருக்கா, பாலெட். மாடியில, கதவைச் சாத்திக்கிட்டு. எனக்குக் கேட்டுச்சு. நான் கீழ நின்னு சிம்னின்னு கத்தினேன்."

பாலெட் எழுந்து வந்து அவர் முதுகில் கை வைத்தாள். நெவில் செய்தித்தாளின்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அவளைத் திட்டியதற்கு அழுதார், ஏழு பிஸ்கட்டுக்கு அழுதார், பேசாமல் இருந்த மூன்று வாரத்துக்கு அழுதார். எல்லாவற்றையும்விட, அவளை மன்னித்துவிட்டேன் என்று சொன்னாரே, அதற்கு அவள் தலையை அசைத்தாளே, அதை நினைத்துத்தான் அதிக நேரம் அழுதார்.